குமட்டாத மாத்திரை

எலுமிச்சை இலை மஞ்சளானால் எல்லோரும் முதலில் செய்வது கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதுதான். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள் மேடம். உங்கள் வீட்டு மாடியில் தொட்டியில் எலுமிச்சை வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அப்போதே கேட்க நினைத்தேன். செடிக்கு என்ன குறை என்று இலையே சொல்லிவிடும். நமக்குத்தான் கேட்கப் பொறுமை கிடையாது. அடி இலை மஞ்சளானால் அது ஒரு பசி. நுனித் தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் அது வேறு பசி. அதற்கு இரும்புச்சத்து வேண்டும்.

நான் வேலை பார்க்கும் நர்சரியில் ஒரு மூலை முழுக்க நோயாளிச் செடிகள். அது என் பொறுப்பு. ஜனங்கள் வாடிய இலையைப் பாலித்தீன் பையில் போட்டு எடுத்து வருவார்கள், நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுவேன். முதலாளி கிண்டலாக 'இலை டாக்டர்' என்று கூப்பிடப் போய் அதுவே நிலைத்துவிட்டது. கைராசிக்காரி என்று சொல்பவர்களும் உண்டு. நான் தொட்டு நட்டது எதுவும் பட்டுப்போனதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, விசாரித்தால் உங்களுக்கே தெரியும்.

அம்மா போனபோது தம்பிக்கு நடக்கக்கூடத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அந்த வருஷம்தான் வீட்டுக்குப் பின்னால் அந்த எலுமிச்சையை நட்டேன். அவனைக் குளிப்பாட்டிய தண்ணீர் அதற்குப் போகும். இரண்டும் ஒன்றாகத்தான் வளர்ந்தன. எனக்கும் ஒரு கல்யாணம் காட்சி என்று பேச்சு வராமல் இல்லை. தம்பி ஆளாகட்டும் என்று தள்ளிப்போட்டேன், பிறகு பேச வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. எதுவென்றாலும் அவன் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பான். சட்டை எடுத்தாலும் சரி, வேலை மாறினாலும் சரி. அது எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. வந்தவள் எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள், அதனால் தம்பி அவளை 'அணில்' என்று கூப்பிடுவான். நல்ல பெண். என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. வாய் நிறைய அக்கா அக்கா என்பாள். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை என்பதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில் கட்டியபோது சுண்ணாம்பும் சிமெண்டுக் கழிவும் எங்கள் பக்கம் கொட்டின. அதிலிருந்துதான் மரம் வெளுக்க ஆரம்பித்தது. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாது. வீட்டில் சாப்பாடு இருக்கிறது, ஆனால் அலமாரியைப் பூட்டிச் சாவியை யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில்தான் அணில் உண்டானாள்.

தம்பி ஒருநாள் மரத்தடியில் நின்று காலால் அளந்துகொண்டிருந்தான். "அக்கா, இது எப்படியும் போற மரம். இந்த எடத்துல பிள்ளைக்கு ஒரு ரூம் எடுத்துடலாம்."

"பச்சையாயிட்டா?"

"பச்சையானா வெட்டல, போதுமா? நீதான் டாக்டராச்சே. காப்பாத்திக் காட்டு."

அணில் ஜன்னல் வழியாகச் சிரித்தாள். "அக்காவுக்கு நம்ம எல்லாரையும்விட அந்த மரம்தான் ஒசத்தி." விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

பரிசோதனையில் அவளுக்கு ரத்தம் குறைவு என்று வந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்து நானே முன்பே சொல்லியிருப்பேன். நர்ஸ் சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும் என்றாள். ஆனால் அந்த மாத்திரை அவளுக்குச் சேரவே இல்லை. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"என்கிட்ட குடு. பொடிச்சு எலுமிச்சை சாத்துல கலந்து தரேன்," என்றேன்.

முதல் நாள் நிஜமாகவே பொடித்துக் கலந்தேன். குடித்தாள், வாந்தி எடுத்தாள். மறுநாள் வெறும் சாறு கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, இன்னிக்கு குமட்டவே இல்ல. எல்லாம் உங்க கைராசி." தம்பி அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு நிம்மதி. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பொடித்த மாத்திரை கையில் இருந்தது. நல்ல மருந்தைக் குப்பையில் போடலாமா? கரைத்து மரத்துக்கு ஊற்றினேன். மரத்துக்கும் அதே குறைதானே. இரும்பு இரும்புதான்.

இலையில் ஒரு விசேஷம் உண்டு. ஓர் இலைக்குள் போன இரும்பு அங்கேயே தங்கிவிடும், தளிருக்கு ஏறிப் போகாது. அதனால்தான் பழைய இலை செழிப்பாக இருக்கும்போதே தளிர் சோகை பிடித்து நிற்கிறது. மனுஷ உடம்பு அப்படியில்லையாம். தாய்க்கு இல்லாவிட்டாலும் பிள்ளை தனக்கு வேண்டியதைத் தாயிடமிருந்து உறிஞ்சிக்கொள்ளும் என்று அந்த நர்ஸ்தான் சொன்னாள். கேட்டதும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தம்பி பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.

அணிலுக்கு வயிறு ஏற ஏற முகம் வெளுத்தது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் பின்சுவர் ஓரமாக நின்று சுண்ணாம்பைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திருடி மாதிரி கையைப் பின்னால் மறைத்தாள். "அவர்கிட்ட சொல்லாதீங்கக்கா, சிரிப்பாரு. என்னவோ அடக்கவே முடியல." சொல்லவில்லை. ரத்தம் வற்றிய உடம்பு மண்ணையும் சுண்ணாம்பையும் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். மரத்தைக் கெடுத்ததே அந்தச் சுண்ணாம்புதான், இவள் அதையே ஆசையாகத் தின்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா காகிதத்தையும் அவள் நகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா?"

"நான்தான் என் கையால குடுக்கறேன்," என்றேன். அது பொய்யில்லை, சாறு என் கையால்தான் கொடுத்தேன். நாளுக்கு இரண்டு மாத்திரையாக எழுதினார். ஏறவில்லையென்றால் நரம்பு வழியாக ஊசி ஏற்றிவிடலாம், ஒரே நாள் வேலை என்றும் சொன்னார். அணிலுக்கு ஊசி என்றாலே உதறல். தம்பி அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவன் எதற்கும் அவளைத்தான் பார்ப்பான் மேடம். மூன்று பேர் உட்கார்ந்து பேசும்போது, எந்தப் பேச்சானாலும், அவன் கண் முதலில் அவள் பக்கம்தான் போகும். அன்று அவள் முகத்தில் பதில் இல்லை. அதனால் என்னிடம் வந்தான்.

"எதுக்கு ஊசி? மாத்திரைதான் இப்ப நல்லா ஒத்துக்குதே. நான் பாத்துக்கறேன்," என்றேன். அவன் தோள் தளர்ந்தது. "அக்கா சொன்னா சரி." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

அதற்குள் மரம் தளிர் விட்டது. எண்ணெய் தடவியது போலப் பளபளவென்று பச்சைத் தளிர். தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஜெயிச்சுட்ட போ," என்றான். ரூமைத் தெருப்பக்கம் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டோம். அணிலுக்கு அதில் இஷ்டமில்லை. தெருச் சத்தத்தில் பிள்ளை தூங்காது, பின்பக்கம்தான் நல்லது என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நாள் வருவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. பிள்ளை பிறந்தது, பெண். பிரசவத்தில் எல்லோருக்கும் போகிற ரத்தம்தான் அவளுக்கும் போனது, அதிகமில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். இழப்பதற்கு அவளிடம் ரத்தம் இல்லை, அவ்வளவுதான். வேறு ரத்தம் கொண்டுவந்து ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். "உன்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சியேக்கா," என்றான். நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன். நானும் அழுதேன். அந்த அழுகை நிஜம்.

பிள்ளையை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அது வீட்டுக்கு வருவதற்குள் அறை தயாராக வேண்டும் என்று தம்பி கிளம்பிவிட்டான். அதுவும் பின்பக்கம்தான், அவள் கேட்ட இடத்தில்தான். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பச்சைப் பசேலென்று நின்ற மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். வேரைத் தோண்டிய ஆள் கடப்பாரையை வைத்துவிட்டுக் குனிந்தான்.

"இது என்ன விதைக்கா? வரிசையா ஊனியிருக்கீங்க, ஒண்ணுகூட முளைக்கலையே."

தம்பி இரண்டை எடுத்துக் குழாயடியில் கழுவினான். சிவப்புப் பூச்சு அங்கங்கே உரிந்து, உள்ளே துரு ஏறியிருந்தது. நர்ஸ் கொடுத்தது தீர்ந்த பிறகு மருந்துக்கடையில் அவன் கையால் வாங்கி வந்த மாத்திரை, அவனுக்குத் தெரியாதா? மண்மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டான். கடைசியில் அவன்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தான்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. செடி வளர்ப்பவராக இருப்பதால்தான் உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. "கரைக்காம முழுசா ஊனினா வேருக்கு எப்படிம்மா போகும்?" என்றீர்கள்.

போகாது. முதல் கொஞ்ச நாள்தான் கரைத்து ஊற்றினேன். பிறகு பொடிக்கிற வேலை எதற்கு என்று குச்சியால் குழி குத்தி அப்படியே போட்டு மூடிவிட்டேன். பொடித்துக் கரைத்தாலும் அந்தச் சுண்ணாம்பு மண்ணில் பிரயோஜனம் இல்லை, துருவாகத்தான் போகும். மரத்துக்கு வேண்டிய இரும்புக் கரைசல் நர்சரியிலேயே இருக்கிறது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் இலையில் தெளித்துக்கொண்டிருந்தேன், ஆரம்பத்திலிருந்தே. மரத்தைத் தேற்றியது அந்தத் தெளிப்புதான். மாத்திரையால் மரத்துக்கு எந்த லாபமும் இல்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும்.

அப்படியானால் எதற்கு என்று கேட்பீர்கள். அவள் கொஞ்சம் வாட வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். வாடினால் தம்பி என்ன செய்வதென்று தெரியாமல் என்னிடம் வருவான். வந்தான். வந்தபோதெல்லாம் எனக்கு நன்றாக இருந்தது, நிறுத்த முடியவில்லை. அவள் சாவாள் என்று தெரியாது என்று நான் சொல்ல முடியாது. காய் பிடித்த நேரத்தில் செடியைப் பட்டினி போட்டால் என்ன ஆகும் என்று தினமும் ஊருக்குச் சொல்கிறவள் நான். அணிலை நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் மேடம். தம்பியிடம் நீங்கள் சொன்னால் கேட்பான். பிள்ளை இப்போது வீட்டுக்கு வந்துவிட்டதாம், குறைமாதப் பிள்ளை என்பதால் அதற்கும் இரும்புச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். வாயில் விட்டதும் துப்பிவிடுகிறது, அவனுக்கு எப்படிக் கொடுப்பதென்றே தெரியவில்லை என்று இங்கே என்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா சொன்னாள். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? மருந்தை என்னிடம் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள், பிள்ளையையும் தூக்கி வரச் சொல்லுங்கள். என் கையால் கொடுத்தால் அது துப்பாது.