மேற்கு முகத்தின் கடைசிப் பெயர்

மாடிப்படி. இரண்டாம் தளத்துக்கும் முதல் தளத்துக்கும் நடுவில். மின்சாரம் போய்விட்டது. முன்னால் ஓடுகிறவளின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். ஒரு காலில் செருப்பு இல்லை. வெள்ளிக்கிழமை. காலை பத்தேகால்.

முதலில் ஊய்ங் என்று ஒரு சீழ்க்கை. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் பயம். பிறகு தும். காதுக்கு வருவதற்கு முன்னால் அது வயிற்றுக்கு வந்துவிடும். அதன் பிறகு கண்ணாடிகள். எங்கோ கலகலவென்று கொட்டிக்கொண்டே இருக்கும்.

"ஏட்டி, நிக்கண்டாம்! செவரோரமா எறங்குங்க! தலைய குனி!"

கீழேயிருந்து கத்தியவர் தங்கராஜ் அண்ணன். அந்த ஆஸ்பத்திரியின் வாசல் காவலாளி. திருவட்டாறுக்காரர். பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, மகளின் கல்யாணத்தை நினைத்துக் கடல் தாண்டி வந்தவர். நான் ஷீபா, நர்ஸ். எனக்கும் அதே ஊர். நாங்கள் போயிருந்த நாட்டின் பெயரை எழுதமாட்டேன். நம் பிள்ளைகள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

எங்கள் வார்டில் ஐந்து நர்சுகள். ஐந்து பேரையும் தரைக்குக் கீழே, கார் நிறுத்துகிற தளத்தில் தூண்களுக்கு நடுவே உட்காரவைத்தார். மற்ற நாட்களில் அவர் வாயில் கேலிதான். ஊருக்கே ஊசி குத்துகிற பிள்ளைகளுக்குக் கரப்பானைக் கண்டால் பேடி என்று சிரிப்பார். எங்கள் ஊரில் பயத்துக்குப் பேடி என்போம். அன்று சிரிக்கவில்லை. பட்டாளத்துக்காரரே சிரிக்காததைப் பார்த்ததும் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். ஆறு வயதில் படித்தது. பாதியில் மறந்துபோனது.

தெருவில் ஆம்புலன்ஸ் ஒலி. வாசலில் வந்து நிற்கிறது. கேட் பூட்டியிருக்கிறது. அண்ணன் சாவிக்கொத்தோடு சரிவுப் பாதையில் ஏறுகிறார். நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து மட்டும்தான் கேட் முழுசாகத் தெரிகிறது. நல்ல வெயில். பூட்டைத் திறக்கிறார். ஒரு கதவைத் தள்ளுகிறார். ஆம்புலன்சைப் பார்த்து வா வா என்று கையாட்டுகிறார். ஊய்ங்.

புகை அடங்கியபோது கேட் இல்லை. ஆம்புலன்சின் பின்பக்கம் மட்டும் இருந்தது. அண்ணன் நின்ற இடத்தில் ஒரு குழி இருந்தது.

அங்கிருந்த அதிகாரிகளிடம் அன்றே சொன்னேன். காணவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு அங்கே அந்தச் சொல்தான். ஊருக்கு வந்ததும் அண்ணனின் மனைவி லில்லி அக்காவிடம் சொல்லப் போனேன். நான் வாயைத் திறந்ததும் அக்கா அடுக்களைக்குப் போனாள். சாயா வந்தது. மறுபடி திறந்தேன். ஆட்டுக்குத் தழை போட வேண்டும் என்று எழுந்தாள். மூன்று வருஷம் இதே கதை. காணாமல்போனவர் என்றைக்காவது கண்ணில் படுவார்தானே. அக்கா அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளைக் காணவே பயந்து நான் சந்தைக்கு வேறு வழியாகப் போகத் தொடங்கினேன்.

இந்த வருஷம் எங்கள் ஊர்ப் பூங்காவில் போர் நினைவுக்கல் வைத்தார்கள். பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஆளுயரக் கருங்கல். பட்டாளத்துக்குப் போன எல்லாருடைய பெயரும் அதில் உண்டு. உயிரோடு இருப்பவர்கள் கிழக்கு முகத்தில். போய்ச்சேர்ந்தவர்கள் மேற்கு முகத்தில். ஒரே ஒரு பெயர் மட்டும் வெட்டாமல் நின்றது. தங்கராஜ். கிழக்கில்தான் வெட்ட வேண்டும் என்று லில்லி அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற சுபேதார். அவர் எனக்குப் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா என்றார். கல்லில் பொய்யை வெட்டத் தனக்குத் தைரியமில்லை, கண்ணால் கண்டவள் நீ ஒருத்திதான், வந்து சொல் என்றார்.

வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணி. பூங்காவில் நிற்கிறேன். சுபேதார் இருக்கிறார். கல் வெட்டுகிறவர் இருக்கிறார். அக்கா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். குண்டுக்குப் பயந்ததைவிட அக்காவுக்குப் பயந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். அவளுக்கு உயிரோடு இருக்கிற மனிதரை நான் என் வாயால் சாகடிக்க வேண்டும்.

தொண்டையைச் செருமி, அண்ணன் என்று தொடங்கினேன். அக்கா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டில் ரப்பர் ஷீட் காயப்போட்டிருக்கிறதாம். எடுக்க வேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்துக் கல் வெட்டுகிறவர், ஓடுகிறதா என்று பார்க்க மெஷினைப் போட்டார். ஊய்ங்.

அடுத்து நினைவிருப்பது மண். வாயெல்லாம் மண். பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறேன். தலையை இரண்டு கைகளும் மூடியிருக்கின்றன. குனி, குனி என்று ஒரு பெண் அலறுகிறாள். நான்தான் அது. உடுத்திருந்த துணி நனைந்துவிட்டது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். கொடியையும் சல்யூட்டையும் மட்டும் பார்த்து வளர்கிற பிள்ளைகள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். மெஷினை நிறுத்தச் சொல்லிச் சுபேதார் கத்தினார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

அக்கா போகவில்லை. குடையைக் கீழே போட்டாள். தரையில் உட்கார்ந்தாள். பிறகு அப்படியே படுத்தாள். என் முகத்துக்கு நேராக அவள் முகம். சேலைத் தலைப்பால் என் வாயிலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"நீ கண்டியா, மக்கா?"

கண்டேன் என்றேன்.

"சொல்லு. நான் எங்கயும் போவல்ல."

படுத்தபடியே சொன்னேன். பூட்டு. சாவிக்கொத்து. வா வா என்ற கை. குழி. ஒன்றையும் விடவில்லை. வலித்திருக்குமா என்று மட்டும் கேட்டாள். அதற்கு நேரமே இருந்திருக்காது அக்கா என்றேன். நர்சாகச் சொன்னேன். உண்மையும் அதுதான். அதன் பிறகு அக்கா அழுத சத்தத்தை எழுத எனக்கு எழுத்து கிடைக்கவில்லை. சுபேதார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றார்.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. நேரே கல் வெட்டுகிறவரிடம் போய் மேற்கு முகத்தைக் காட்டினாள்.

"படிஞ்ஞாற பக்கம் வெட்டுங்க. மெஷின் வேண்டாம், உளியால வெட்டுங்க. இந்தப் பிள்ளைக்கு பேடியாக்கும்."

வெள்ளியும் சனியும் உளிச் சத்தம் கேட்டது. டக். டக். நானும் அக்காவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். பூங்காவுக்குப் போகிறவர்கள் மேற்கு முகத்தின் கடைசிப் பெயரைத் தொட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் வழுவழுப்பாக இருக்கும். இது கையை உரசும்.

தப்பியவர்கள், நர்சுகள் ஐந்து பேர்.

இழந்தது இவ்வளவு. இரும்புக் கேட் ஒன்று. ஆம்புலன்ஸ் ஒன்று. அதை ஓட்டிவந்தவர். அதில் படுத்திருந்தவர், ஆணா பெண்ணா தெரியாது. அவர்கள் இருவருக்கும் எங்காவது ஒரு கல் இருக்கிறதா, அதுவும் தெரியாது. தங்கராஜ், வயது ஐம்பத்திரண்டு. பிறகு அவருடைய ஊர் செல்போன் எண் ஒன்று. வந்து இறங்கியதும் வேண்டுமே என்று அக்கா மாதம் தவறாமல் அதற்கு ரீசார்ஜ் போட்டுவந்தாள். இந்த மாதம் போடவில்லை.