காலியாகத் திரும்பிய தட்டு

பனிமலையில் சோறு வேகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஐயா. குக்கரின் ரப்பர் வளையம் குளிரில் விறைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். நான் அதை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். இந்த டோல்பா மலைகளில் ஹர்கமான் ராய் ஆக்கிய சோறு வேகவில்லை என்று ஒருவர் சொல்லட்டும், கரண்டியை அன்றைக்கே கீழே வைத்துவிடுகிறேன். இப்போது எப்படியும் வைக்கத்தான் போகிறேன், அது வேறு விஷயம்.

நீங்கள் கேட்டது ரத்னகாஜி துலாதரைப் பற்றி. அவர் எப்படிச் செத்தார் என்று சொல்ல, நான் தட்டுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

மலையேற வருகிறவர்களைக் கூட்டிப்போகும் எங்கள் வழிகாட்டி தெண்டி ஷெர்பா நல்ல பையன். கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. சாயங்காலம் கூடாரம் கூடாரமாகப் போய் "தலை வலிக்குதா?" என்று எல்லோரையும் கேட்பான். பிறகு சமையல் கூடாரத்துக்கு வந்து, கழுவப்போகும் தட்டுகளைப் பார்ப்பான். உயரம் ஒத்துக்கொள்ளாதவருக்கு முதலில் தலை வலிக்கும், அப்புறம் சோறு இறங்காது. தலைவலியை மறைத்துவிடலாம். பயணத்தின் உச்சியில் இருக்கும் கணவாயைத் தாண்டும் ஆசையில் எல்லோரும்தான் மறைக்கிறார்கள். தட்டை மறைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒரு வர்ணம் பூசி வைத்திருந்தான். எந்த வர்ணத் தட்டில் சோறு மிச்சமோ, அந்த ஆள் மறுநாள் காலை கீழே. கெஞ்சினாலும் கீழேதான்.

அப்படி ஒருவர் இறங்கிப் போனால் சுமைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். "என்ன அண்ணே, உங்க பருப்புக்குப் பயந்து இன்னொரு ஆளும் ஓடிட்டாரா?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் வயிறு எரியும். மரத்துப்போன விரல்களால் பூண்டு உரித்து, காற்றில் அணையும் அடுப்போடு மல்லுக்கட்டி ஆக்கிய சோறு தொட்டது தொட்டபடி திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை பொக்ராவிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா அப்படி அழுதுகொண்டே இறங்கினார். மீதிப் பேர் அன்று முழுக்க எழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். ஊறுகாயைக்கூட யாரும் தொடவில்லை. பயணம் என்றால் சந்தோஷமாக இருக்க வேண்டாமா?

அதற்குப் பிறகுதான் பூண்டு சூப்பில் தலைவலி மாத்திரையைப் பொடித்துப் போட ஆரம்பித்தேன். குமட்டலை நிறுத்தும் மாத்திரையும் கொஞ்சம். விஷம் இல்லை ஐயா, காத்மாண்டுவில் எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பதுதான். திமூர் மிளகைக் கொஞ்சம் தாராளமாகத் தட்டிப்போட்டால் நாக்கு விறுவிறுக்கும், கசப்பு தெரியாது.

அதன்பின் எங்கள் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாட்டும் கூத்தும்தான். தட்டுகளெல்லாம் கழுவி வைத்த மாதிரி வரும். தெண்டிக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, உங்க பூண்டுல ஏதோ மாயம் இருக்கு" என்பான். "மாயமும் இல்ல, மந்திரமும் இல்லடா. கைப்பக்குவம்" என்பேன். போன வருடம் ஒரு பொறியாளர் மட்டும் கணவாயைத் தாண்டிய மறுநாள் நுரையீரலில் நீர் கோத்து இறந்துபோனார். ஆனால் தாண்டிவிட்டார், பாருங்கள். தட்டிலும் ஒரு பருக்கை கிடையாது.

இந்த முறை வந்தவர்கள் காத்மாண்டுவில் தினமும் சேர்ந்து காலை நடை போகிறவர்கள். அதில் ரத்னகாஜி துணிக்கடைக்காரர். எங்கள் வழக்கப்படி சாஹுஜி என்று கூப்பிடுவேன். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. மனைவி ஹீராமாயா கூடவே வந்திருந்தார். முதல் நாளே சாஹுஜி என் கூடாரத்துக்குள் தலையை நீட்டினார்.

"தம்பி, மூக்கைத் துளைக்குதே. என்னது?"

"முள்ளங்கி ஊறுகாய், சாஹுஜி."

"வீட்டுக்காரி கண்ணுல படாம ரெண்டு துண்டு எடு. டாக்டர் உப்பைக் கண்ணாலகூடப் பார்க்கக் கூடாதுன்னுட்டான்."

"இங்க எனக்கு எல்லாம் கேக்குது" என்று வெளியிலிருந்து ஹீராமாயா அம்மாவின் குரல் வந்தது. "இந்த மனுஷனுக்குக் கொடுத்தீங்கன்னா, உங்களையும் சேர்த்து மலையிலேர்ந்து உருட்டிவிட்டுருவேன்."

சாஹுஜியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ரசித்துச் சாப்பிடுகிறவரைப் பிடிக்காத சமையல்காரன் உண்டா? தினமும் சூப்பில் அவர் கிண்ணத்துக்கு மட்டும் மாத்திரைப் பொடி ஒரு சிட்டிகை கூடப் போட்டேன்.

கணவாய்க்கு முந்தைய முகாமில் புதுப்பனி விழுந்திருந்தது. தெண்டி கயிற்றை எடுத்துக்கொண்டு, மறுநாள் ஏறுவதற்குப் படி வெட்ட மேலே போயிருந்தான். சாப்பாடு முடிந்த நேரத்தில் ஹீராமாயா அம்மா என்னிடம் வந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"தம்பி, இவரு ஒரு மாதிரி பேசுறாரு. கடையைப் பூட்டியாச்சான்னு கேக்குறாரு. பூட்ஸை வேற கால் மாத்திப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. தெண்டி வந்ததும் சொல்லணும்."

"நான் சொல்றேம்மா. நீங்க போய்க் கதகதப்பாப் படுங்க. பனியில நின்னா உங்களுக்கு முடியாமப் போயிடும்."

"மறந்துடாதீங்க தம்பி."

"மறப்பனாம்மா?"

மறக்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தெண்டி மீசையெல்லாம் பனியாக வந்து சேர்ந்தான். நேரே தட்டுகளிடம்தான் போனான். சாஹுஜியின் சிவப்பு வர்ணத் தட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பளபளவென்று இருந்தது.

"அப்பாடா. சாஹுஜி காலைல கொஞ்சம் தள்ளாடுன மாதிரி இருந்துச்சு அண்ணே. மேல போயும் அதே நெனப்புதான்."

"பனியில எவன்டா நேரா நடக்குறான்? நீயே வாத்து மாதிரிதான் வந்த."

அவனும் சிரித்தான். சூப் வாங்கிக் குடித்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போனான்.

காலையில் கூடாரத்துக்கு டீ கொண்டுபோனது நான்தான். சாஹுஜி எழுந்திருக்கவில்லை. குறட்டை மட்டும் வந்தது, இழுத்து இழுத்து. தெண்டியும் சுமைக்காரர்களும் முறை மாற்றி முதுகில் சுமந்துகொண்டு கீழே ஓடினார்கள். ஆற்றங்கரை முகாமுக்கு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. அம்மா அவர் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார்.

சாயங்காலம் அவருக்கு நெய்விளக்கு ஏற்றத் தீப்பெட்டி தேடிய தெண்டி, என் திமூர் டப்பாவைத் திறந்தான். மாத்திரை அட்டைகள் இருந்தன. அதனால்தான் நான் இங்கே, உங்கள் காவல் நிலையத்தில் இருக்கிறேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அவன் உங்களிடம் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. மாத்திரை கொடுத்ததால் சாஹுஜி கடைசிவரை நன்றாகச் சாப்பிட்டார், அதைப் பார்த்து அவன் ஏமாந்துவிட்டதாகச் சொல்லியிருப்பான். அந்தக் கடைசி ராத்திரி அவர் சாப்பிடவில்லை ஐயா. சோறு, பருப்பு, ஊறுகாய், எல்லாம் வைத்தது வைத்தபடி திரும்பி வந்தது. அந்த உயரத்தில், அப்படிப் பேசிக்கொண்டு, சோற்றையும் ஒதுக்கினால் அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் மலையில் இருக்கிறேன், தெரியாதா? அப்போதே இறக்கியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் சுமைக்காரர்கள் மற்ற தட்டுகளை வாங்கக் கிளம்பிவிட்டார்கள். தெண்டியும் எந்த நேரத்திலும் வந்துவிடுவான். நான் திரும்பி உட்கார்ந்து, அந்தத் தட்டுச் சோற்றை நானே சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது. பிறகு விரலால் வழித்து, மற்ற தட்டுகள் வந்ததும் அவற்றுக்கு மேலாக வைத்தேன். தெண்டி பார்த்தது அதைத்தான். பாவம், அவன்மேல் பழி போடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயண முடிவில் சமையல்காரன் கேக் செய்வது எங்கள் தொழிலில் வழக்கம். அன்று ஆற்றங்கரையில் எல்லோரும் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. வைக்கோலில் சுற்றி இவ்வளவு தூரம் உடையாமல் வந்த முட்டைகள் இருந்தன. பானைக்குள் பானை வைத்து, கீழே கனலைப் பரப்பி, அடிபிடிக்காமல் ஒரு கேக் செய்தேன். பஞ்சு மாதிரி உப்பி வந்தது. மேலே சர்க்கரையில் பூ போட்டு, வெட்டி, ஹீராமாயா அம்மாவுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவரும் ஒரு விள்ளல் எடுக்கவில்லை. சாஹுஜி மட்டும் இருந்திருந்தால், முதல் துண்டை அவர்தான் கேட்டு வாங்கியிருப்பார்.