வெட்டாத கேபிள்

கேபிளை வெறுமனே பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது, சார். உள்ளே இழை அறுந்திருந்தாலும் வெளியே புதுசு போலவே இருக்கும். அதனால்தான் கழற்றியதை அங்கேயே வெட்டிப் போடச் சொல்வார்கள். தெரியாமல் யாராவது திரும்ப மாட்டிவிடக் கூடாதே. நான் ஒன்றே ஒன்றை மட்டும் வெட்டாமல் பையில் வைத்திருந்தேன்.

மருத்துவ நிலையங்களின் பதிவுகளைச் சேமிக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளைப் பரமேஸ்வரன் அண்ணனும் நானும்தான் பார்த்துக்கொண்டோம். வேலை குறைந்துவிட்டது, மாதக் கடைசியில் ஒருவரை நிறுத்தப்போகிறேன் என்றார் முதலாளி. அண்ணன் இந்த மலேசியாவிலேயே பிறந்த கிள்ளான்காரர்; வேறு வேலை கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்த எனக்கு வேலை போனால் விசாவும் போகும். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் என் மனைவி உஷாராணி நிறை வயிற்றோடு படுத்த படுக்கையாக இருந்தாள். ஏற்கெனவே இரண்டு கலைந்துவிட்டன. விமானம் ஏறினால் இதுவும் தங்காது என்றார் டாக்டர்.

எங்காவது பழுது வர வேண்டும், நான் போய்ச் சரிசெய்து நல்ல பெயர் வாங்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அண்ணன் லீவில் இருக்கும் நாளாகப் பார்த்தேன். மனைவி லோகேஸ்வரி அக்காவை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகத்தான் அவர் லீவு போடுவார். அன்று காலை பரிசோதிக்க எனக்கு விழுந்த இடமும் அக்கா டயாலிசிஸுக்குப் போகும் அதே கிள்ளான் நிலையம்தான். கெட்ட கேபிளை மாட்டிவிட்டு வந்தேன்.

மதியம் அண்ணன்தான் போன் செய்தார்.

"தம்பி, அக்காவுக்கு மூச்சுத் திணறுது. எந்த ஊசி ஒத்துக்காதுன்னு கேக்குறாங்க, பேரு வாயில வர மாட்டேங்குது. எல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருக்கு, அது ஸ்டக் ஆயிடுச்சு. கேபிள் எடுத்துட்டு ஓடி வா லா."

வழியில் ஷா ஆலமில் ஜாமில் மாட்டிக்கொண்டேன் என்றேன். நான் இருந்தது நிலையத்துக்கு எதிரே, மாமாக் சாப்பாட்டுக் கடையில். கூப்பிட்ட உடனே போய் நின்றால் சந்தேகம் வரும் இல்லையா? ஷா ஆலமிலிருந்து வர எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன். வாங்கிய தே தாரேக் டீ ஆறிப்போயிற்று.

பிறகு போய் நல்ல கேபிளை மாட்டினேன். திரை உடனே தெளிந்தது. கூடாத ஊசியை அதற்குள் போட்டிருந்தார்கள்.

அக்காவின் பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன். மனசு விட்டுப்போய் அண்ணன் தானாகவே வேலையை விட்டார். எனக்கு மகள் பிறந்தாள். லோகேஸ்வரி என்று பெயர் வைத்தேன். கொன்றவன் அப்படிப் பெயர் வைப்பானா, சார்? பிள்ளையைப் பார்க்க வந்த அண்ணன், கெட்டது என்று தான் குறி போட்டு வெட்டச் சொல்லிக் கொடுத்த அந்தக் கேபிள் என் பையில் வெட்டாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டார். அதை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார்.

மாட்டியது நான்தான். காத்திருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், சார். உங்கள் மேசைமேல் கிடக்கிற அந்தக் கேபிளை வழக்கு முடிந்ததும் வெட்டிப் போடச் சொல்லுங்கள். பொறுப்பில்லாத யார் கையிலாவது சிக்கினால் ஓர் உயிர் போய்விடும்.