எண்ணெய் பட்ட வளையங்கள்

என் பெயர் ஒர்தான்ஸ் பெர்த்தோலே. வயது பதின்மூன்று. தகப்பனார் பெயர் கிளோடியஸ் பெர்த்தோலே, துப்பாக்கித் தாழ் பொருத்தும் தொழிலாளி. சாந்தெத்தியேன் நகரில், நிலக்கரிக் கிடங்குக்கு எதிர்வீட்டில் வசிக்கிறோம். கீழே பட்டறை, மேலே குடியிருப்பு. கன்னியர் பள்ளியில் படிக்கிறேன். நேற்று போலீஸ் கமிசர் ஐயா எங்கள் சமையலறையில் அப்பாவிடம் கேட்ட வரிசையிலேயே நானும் எழுதுகிறேன். என்னை யாரும் கேட்கவில்லை. விடிந்ததும் ஆந்தெல்ம் ரஸ்க்லை லியோன் சிறைக்கு ரயிலேற்றப் போவதாகச் சொன்னார்கள். அதனால் எல்லோரும் படுத்த பிறகு, காவல் நிலையத்தில் கொடுப்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஆந்தெல்ம் எங்கள் வீட்டில் தங்கி அப்பாவோடு வேலை செய்பவர். பேரரசரைக் கேலி பேசுவார் என்பது தெருவுக்கே தெரியும். படைக்கான புதுத் துப்பாக்கிகளுக்கு எங்கள் பட்டறையில் தாழ் பொருத்துகிறோம். அதில் பழையதைப்போல் வாய்வழியாக மருந்தைத் திணிப்பதில்லை. பின்பக்கத் தாழைத் திறந்து தோட்டாவை வைத்து மூடவேண்டும். தாழின் தலையில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் உண்டு. நெருப்பு பின்னால் வராமல் தடுப்பது அது ஒன்றுதான். வளையங்கள் வெள்ளைப் பொடி தூவிய தகரப் பெட்டியில் வரும்.

பெட்டி வந்த அன்று ஆந்தெல்ம், "மேஸ்திரி, இதுல எண்ணெய் படவே கூடாதுன்னு போட்டிருக்கு" என்று அதிலிருந்த காகிதத்தைப் படித்துச் சொன்னார். அதற்கு அப்பா, "போடா, காகிதத்துல எழுதுறவன் என்னிக்காவது அரம் பிடிச்சிருக்கானா? எண்ணெய் குடிக்காத துப்பாக்கி எங்கடா இருக்கு?" என்று சிரித்தார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆந்தெல்ம் குண்டு உருட்டி விளையாடப் போய்விட்டார். அவசர வேலை என்று அப்பா மட்டும் பட்டறையில் இருந்தார். நான் சூப் கொண்டுபோனபோது அவர் ஒவ்வொரு வளையத்தையும் எடுத்துப் பொடியைத் துடைத்து, மாட்டுக்குளம்பு எண்ணெயில் தோய்த்துத் தாழில் மாட்டிக்கொண்டிருந்தார். "பூஞ்சை பிடிச்ச சாமானை அனுப்பியிருக்கானுங்க பாரு" என்றார். கோயில் மெழுகுவத்தியைத் துடைப்பதுபோல் அவ்வளவு கவனமாகத் துடைத்தார்.

அதன் பிறகு அந்தத் துப்பாக்கிகள் சோதனைக் கொட்டகைக்குப் போயின. அங்கே சுட்டுப் பார்க்கும் மார்ஸெலின் மாமாவின் முகத்தில் தாழ் வழியாக நெருப்பு அடித்து, அவருடைய வலது கண் போய்விட்டது. வளையம் ஊறிக் குழைந்திருந்தது. படையின் துப்பாக்கியைக் கெடுக்க ஆந்தெல்ம்தான் திராவகம் ஊற்றினார் என்று முடிவு செய்தார்கள். கைவிலங்கு மாட்டியபோது அவர் அப்பாவைப் பார்த்து, "மேஸ்திரி, நீங்களாவது சொல்லுங்க, நான் எதையும் தொடலைன்னு" என்றார். அப்பா தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா" என்றார்.

அதன் பிறகு கமிசர் ஐயா போனதும், அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துச் சாம்பல் குழியில் கவிழ்த்தார். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தி, "அடியே, உனக்குக் கீழ நாலு பேர் இருக்கு. அவனுக்குப் பெண்டாட்டியா பிள்ளையா? வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்" என்றாள்.

இத்துடன் இரண்டு வளையங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று பெட்டியில் மீந்தது, பொடியுடன் இருக்கிறது. மற்றது அந்த ஞாயிறன்று அப்பா எண்ணெயில் தோய்த்தபோது உருண்டு மேசைக்கு அடியில் விழுந்தது. விரலால் அழுத்திப் பாருங்கள், எண்ணெய் பட்டது மட்டும் ஊறிக் குழைந்திருக்கிறது. எங்களிடமிருந்து வந்த மற்ற துப்பாக்கிகளை யாரும் சுடவேண்டாம். அவற்றின் வளையங்களும் இப்படித்தான் இருக்கும்.

இதுவரை எழுதியபோது படியில் சத்தம் கேட்டது. மெழுகுவத்தியை அணைப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். காகிதத்தைக் கிழித்துவிடுவார் என்று நினைத்து அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை. "படி" என்றார். முதலிலிருந்து படித்தேன். கிண்ணத்தைக் கவிழ்த்த இடத்தில் நிறுத்தினேன். "அதையும் படி" என்றார். படித்தேன்.

"மார்ஸெலின் கண்ணு போனது எழுதியிருக்கில்ல?" என்றார்.

"படிச்சேனேப்பா."

"சரி."

அதன் பிறகு கீழே போய், தான் பொருத்தும் ஒவ்வொரு தாழிலும் தன் அடையாளமாக அடிக்கும் எஃகு அச்சை எடுத்துவந்தார். மெழுகுவத்திப் புகையில் அதைக் காட்டிக் கறுப்பாக்கி, கையெழுத்துக்குப் பதிலாகக் காகிதத்தின் அடியில் அழுத்தினார். இப்போது மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். இதை அவரே எடுத்து வருகிறார்.

மேலே உள்ளவை நான் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. அப்பா எண்ணெய் போட்டது தெரியாமல். சொல்லாமல் இருந்தது தெரிந்து. இரண்டையும் சேர்த்து ஒன்றாக எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) ஒர்தான்ஸ் பெர்த்தோலே

பக்கத்தில் இருக்கும் கறுப்பு அச்சு என் அப்பாவுடையது.