தளர்ந்த ரப்பர்

ரப்பரை எப்படிப் பாதுகாக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்டதுமே எனக்கு உங்கள்மேல் மரியாதை வந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் ஐயா. அந்தச் சின்ன விமானத்தைக் கையில் எடுக்கிறவர்கள் எல்லாரும் இறக்கையைத்தான் தடவிப் பார்ப்பார்கள். பட்டு எவ்வளவு மெல்லிசு, மூங்கில் எவ்வளவு லேசு என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். ஆனால் அதன் உயிர் ரப்பரில்தான் இருக்கிறது. மூக்கிலிருந்து வால்வரை இழுத்துக் கட்டிய ரப்பர் நாடாவை முறுக்கிவிட்டால் முன்னாலுள்ள விசிறி சுற்றும். விசிறி சுற்றினால்தான் பறக்கும். அதனால் அதையே முதலில் சொல்கிறேன். நேற்று முழுக்க நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த மற்றக் கேள்விக்கும் இதற்குள்ளேயே பதில் வந்துவிடும்.

ஒவ்வொரு முறை பறக்கவிட்ட பிறகும் ரப்பரைக் கழற்றிவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, மூடி போட்ட தகர டப்பாவில் வைக்க வேண்டும். அடுத்த முறை கட்டும்போது சவர்க்காரத்தைக் குழைத்துத் தடவினால் உரசி அறாது. வெயில் படக்கூடாது. சூடு கூடவே கூடாது. சூடு பட்ட ரப்பர் யாரும் தொடாமலே இளகித் தளர்ந்துவிடும்.

இறக்கைக்கு இது நேர் எதிர். நமுனுகுலைப் பக்கத்துப் பனி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் சும்மா விட்டால் பட்டு தொய்ந்து மூங்கில் கோணிக்கொள்ளும். அதனால் என் வீட்டு அடுப்புக்கு மேலே, புகை படாத ஓரமாக ஒரு பலகை அடித்து விமானத்தை அங்கே வைத்திருந்தேன். ரப்பர் டப்பாவைப் படுக்கையறையில் குளிர்ந்த சுவரோரம் வைத்தேன். இது என் மனைவி றீட்டாவுக்கும் நன்றாகத் தெரியும்.

விமானம் முதலில் எங்களுடையது அல்ல. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முன்பிருந்த துரை சீமையிலிருந்து கொண்டுவந்தது. தோட்டத்தில் அதை ரசித்தவர்கள் இரண்டே பேர். பெரிய கிளாக்கரான நான் ஒருவன், ஸ்டோர் என்கிற தொழிற்சாலையில் தேயிலை போடும் டீமேக்கர் தேவதாசன் இன்னொருவன். துரை மாற்றலாகிப் போகும்போது எங்கள் இருவருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டுப் போனார். அது பாறையில் மோதி நொறுங்கியதும் அதைப் பார்த்து நாங்களே ஒன்று செய்தோம். நாடா பதுளையில் மொஹிதீன் நானாவின் கடையில் வாங்கியது. மூங்கில் சீவியது தேவதாசன். பட்டு றீட்டாவின் கலியாணச் சேலைத் தலைப்பு. அவளாகவே வெட்டித் தந்தாள். அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

தேவதாசன் நல்லவன். அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. என்னைவிட இளையவன், கலியாணம் ஆகாதவன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இருவரும் மேலே புல்வெளிக்குப் போவோம். சாப்பிடும்போது அவன் ஏதாவது சொல்வான், றீட்டாவும் சிரிப்பாள். என்னோடு இருக்கும்போது அவள் அவ்வளவு சிரிப்பதில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன். கிளாக்கர் வேலை பார்க்கிறவனுக்கு இப்படிக் குறித்துக்கொள்வது பழக்கம்.

பறக்கவிடுவதற்கு முன்னால் நிறை பார்க்க வேண்டும். இரண்டு இறக்கைக்கும் அடியில் விரல் நுனியைக் கொடுத்துத் தூக்குங்கள். மூக்குத் தாழ்ந்தால் இறக்கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளுங்கள். வால் தாழ்ந்தால் மூக்கில் கொஞ்சம் மெழுகு ஒட்டுங்கள். பிறகு முறுக்காமலே புல்லில் மெதுவாக வீசிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கினால் சரி. எப்போதும் காற்றுக்கு எதிரே விட வேண்டும். மேல்நோக்கி எறியக்கூடாது, நேராகக் கையை விட்டு அனுப்ப வேண்டும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் வால்தகட்டைக் கொஞ்சம் வளைத்துவிட்டால் போதும். நகத்தின் கனம் வளைத்தாலே அது பெரிய வட்டமாகத் திரும்பிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தனியாகப் பறக்கவிடக் கூடாது. விமானத்தின் பின்னால் ஓடுகிறவன் கண் ஆகாயத்தில்தான் இருக்கும். கல்லில் விழுவதற்குள் கையில் ஏந்திக்கொள்ள வேண்டுமே, அதனால் ஓடாமலும் முடியாது. தரையைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் புல்வெளிக்கு ஒரு பக்கம் செங்குத்தான பாறைச் சரிவு. விளிம்பு தெரியாது. ஆளுயர மானாப்புல் வெளியே சாய்ந்து வளர்ந்து, நிலம் இன்னும் இருப்பதுபோலவே காட்டும்.

இதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். எங்கள் தோட்டத்தில் கொழுந்து மூட்டையை மேல்மலையிலிருந்து ஸ்டோருக்குக் கம்பியில் மாட்டி அனுப்புவார்கள். பனியில் மேலே நிற்கிறவனுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கம்பிக்கடியில் ஆள் வந்தாலோ மூட்டை சிக்கினாலோ கீழே நிற்கிறவன் குரல் கொடுப்பான். குரல் வந்தால் நிறுத்த வேண்டும். குரல் வராவிட்டால் பாதை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மேலே இருப்பவன் அதை நம்பி மூட்டையை விட்டுக்கொண்டே இருப்பான். தேவதாசன் ஸ்டோர்க்காரன், அந்த வழக்கத்திலேயே ஊறினவன். புல்வெளியிலும் அதையே வைத்துக்கொண்டோம். அவன் ஓடுவான், நான் தரையைப் பார்ப்பேன். விளிம்பு நெருங்கினால் "நில்லு தம்பி" என்பேன். அடுத்த அடி வைக்காமல் நிற்பான். என் குரலை அவன் ஒருமுறைகூடச் சந்தேகித்ததில்லை.

இனி ரப்பர் விஷயம். ஒரு சனிக்கிழமை டப்பாவைத் திறந்து பார்த்தேன். நாடா தளர்ந்திருந்தது. விரலால் இழுத்தால் திரும்பிப் போக மனமில்லாததுபோல் தொங்கியது. நிறைய முறுக்கிப் பறக்கவிட்ட ரப்பர்தான் அப்படி ஆகும். நான் அந்த வாரம் அதைத் தொடவே இல்லை. றீட்டாவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"யாரும் தொடலீங்க" என்றாள். "அந்த ரூம்ல சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கெடந்துச்சு. டப்பா துருப்பிடிச்சிருமேன்னு அடுப்புக்கு மேல ரெண்டு நாளு வச்சிருந்தேன். அவ்ளோதான்."

கேட்ட உடனே பதில் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் நேற்று ஏன் வேலைக்கு வரவில்லை என்று ஆட்களைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன் நான். உண்மையைச் சொல்கிறவர் கொஞ்சம் திணறுவார். தயங்காமல் சொல்கிறவர் வழியிலேயே காரணத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தவர்.

அப்போதும் நான் அவசரப்படவில்லை. விமானத்தை இறக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். இறக்கையில் மெல்லிய பழுப்புத் தூசி இருந்தது. தேயிலைத் தூசி. ஸ்டோருக்குள் நாளெல்லாம் நிற்கிறவன் உடம்பில்தான் அது இருக்கும். ஸ்டோரை ஒட்டிய ஆபீசில் இருப்பதால் என் சட்டையிலும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நான் அதை உதறிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவேன்.

மறுநாள் தேவதாசன் வந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் நாடாவை அவன் கையில் கொடுத்தேன். இழுத்துப் பார்த்தான்.

"என்னண்ணே, இப்பிடித் தொங்குது" என்றான். "அடுப்புப் பக்கமா இருந்துச்சா?"

இதைக் கவனியுங்கள், ஐயா. என் வீட்டு அடுப்பைப் பற்றி நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாவை அடுப்புக்கு மேல் வைத்ததாக றீட்டா என்னிடம் மட்டும்தான் சொன்னாள், அதுவும் முந்தின நாள். எடுத்த எடுப்பில் அவன் வாயிலும் அதே அடுப்பு வந்தது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளாமல் இது எப்படி நடக்கும்? நான் ஆபீசில் இருக்கும் நேரத்தில் அவன் என் வீட்டுக்கு வந்து போகிறான் என்று அன்றுதான் எனக்குத் தெளிவாயிற்று. விமானம் ஒரு சாக்கு. கொஞ்சம் பறக்கவிட்டிருப்பார்கள், அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்று நான் வாய் விட்டுச் சொல்ல விரும்பவில்லை.

ஆனாலும் ஒரு மனிதனைக் குற்றவாளி என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்னொரு சோதனை வைப்பதுதான் நியாயம். மொஹிதீன் நானாவிடம் புது நாடா வாங்கி வந்து, வீட்டில் வைக்காமல் என் ஆபீஸ் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். என் மேசை ஸ்டோர்ச் சுவரை ஒட்டிப் போட்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தேயிலை காய வைக்கும் பெரிய அடுப்பு. பனிக்காலத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டால் இதமாக இருக்கும். இரண்டு வாரம் கழித்துத் திறந்தேன். புது நாடா பழையதைவிட மோசமாகத் தளர்ந்திருந்தது. பூட்டு உடையவில்லை. அப்படியானால் அவனிடம் ஒரு சாவி இருந்திருக்கிறது. என் வீட்டுக்குள் வந்தவன் என் மேசைக்குள்ளும் வந்துவிட்டான். உள்ளதைச் சொல்கிறேன், அன்று எனக்கு அழுகை வந்தது. றீட்டாவை நினைத்தல்ல. அவனை என் தம்பியாக நினைத்திருந்தேன்.

அவனிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று நேற்று நீங்கள் சொன்னீர்கள். கேட்டிருந்தால் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு மேற்கிலிருந்து கச்சான் காற்று நன்றாக வீசியது. றீட்டா மீன்குழம்பு வைத்திருந்தாள். தேவதாசன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். புல்வெளிக்கு ஏறியதும் நான்தான் நிறை பார்த்தேன், நான்தான் நாடா கட்டினேன். அதற்கென்று இன்னொரு புது நாடா எடுத்து வைத்திருந்தேன். தளர்ந்த ரப்பரில் விளிம்புவரை போகாது. வால்தகட்டை இடப்பக்கம் வளைத்தேன். நகத்தின் கனம்தான்.

விமானம் அழகாகப் போயிற்று. நாங்கள் செய்ததில் அவ்வளவு நேரம் அது பறந்ததே இல்லை. காற்றில் நிமிர்ந்து, பெரிய வட்டமாக இடப்பக்கம் திரும்பி, சரிவை நோக்கிப் போனது. தேவதாசன் அண்ணாந்தபடி அதன் கீழே ஓடினான். "அண்ணே, பாருங்க, தானாத் திரும்புது" என்று சந்தோஷமாகச் சத்தம் போட்டான்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதானே என் வேலை. அவன் காலும் தெரிந்தது, விளிம்பும் தெரிந்தது. "நில்லு தம்பி" என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது, கடந்து போயிற்று. மானாப்புல் விலகி மறுபடி சேர்ந்துகொண்டது.

அவனை நான் தள்ளவில்லை, தொடவில்லை என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் அல்ல. எங்கள் கம்பி வழக்கப்படி நான் பேசாமல் இருந்தது "வா, பாதை சரியாக இருக்கிறது" என்று சொன்னதுதான். அவன் அப்படித்தான் எடுத்துக்கொள்வான் என்று தெரிந்தே பேசாமல் இருந்தேன். அவனைக் கொன்றது நான். இதை உங்கள் ஆள் எழுதிக்கொள்ளட்டும், கையெழுத்துப் போடுகிறேன்.

கீழே விறகு பொறுக்கப் போன ஜெயலெட்சுமி, ஞாயிறுதோறும் காதில் விழும் என் குரல் அன்று விழவில்லை என்று சாட்சி சொன்னாளாமே. அவள் சொன்னது சரி. பாறைக்குக் கீழிருந்து யாரோ "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டதாகவும் சொன்னாளாம். அதுவும் சரி. எனக்கும் கேட்டது. கீழே இருப்பவன் குரல் கொடுப்பான், மேலே இருப்பவன் கேட்டுக்கொண்டிருப்பான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். விமானம் விளிம்புக்கு இப்பாலேயே புல்லில் இறங்கியிருந்தது. ஒரு கீறல் இல்லை. ஓடையில் நாடாவை அலசி, உலர்த்தி, பவுடர் போட்டு, டப்பாவில் வைத்து மூடினேன். சவர்க்காரத்தோடு விட்டால் ரப்பர் வீணாகிவிடும். நான் எழுந்து ஆள் கூப்பிடப் போன நேரத்தில் சத்தம் நின்றிருந்தது.

றீட்டாவை நான் ஒன்றும் செய்யவில்லை. பசறையில் தாய்வீட்டில் இருக்கிறாள். பிரேதத்தை ஸ்டோருக்குக் கொண்டுவந்தபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். குற்றமுள்ளவள் அப்படித்தான் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரமாக யோசித்ததில், அவளை மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

ஒன்றே ஒன்று. சாட்சிப் பொருள் என்று என் டப்பாவை எடுத்து வந்து, அதோ அந்த வெயில் விழும் ஜன்னலில் ஒரு வாரமாக வைத்திருக்கிறீர்கள். சற்று முன் நீங்கள் அதைத் திறந்து காட்டியபோது பார்த்தேன். அன்றைக்கு நான் அலசி வைத்த நல்ல நாடா, இப்போது தளர்ந்து தொங்குகிறது. உங்கள் ஆட்களில் யாரோ எடுத்து முறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். விசாரித்து வையுங்கள், ஐயா. யாரும் தொடவில்லை என்கிறீர்கள். றீட்டாவும் அதையேதான் சொன்னாள்.