இருபத்திரண்டாம் வரிசை, நடு சீட்

— பதினாலு நாளெல்லாம் தாங்காது மேடம். ஏழுல முடிச்சுக்குவோம்.

— சார், இது உங்க துணிக்கடை இல்ல, சுகாதார அலுவலகம். விமானத்துல இருபத்திரண்டாம் வரிசை நடு சீட் உங்க பேர்ல இருக்கு. பக்கத்து ஜன்னல் சீட்காரருக்குத் தொத்துக் காய்ச்சல். நீங்க விமானம் மாறின நாட்டுலேருந்து இன்னைக்குத்தான் பட்டியல் வந்துச்சு. ரூமை விட்டு வெளிய வராதீங்க.

— வந்து இறங்கி ஒன்பது நாளாச்சே. அதைக் கழிச்சா அஞ்சு.

— ...சரிதான். அஞ்சு.

— பரவால்ல, பேரம் படியுது. அந்த ஜன்னல் சீட்காரர் இப்ப எப்படி இருக்காரு?

— அதெல்லாம் சொல்லக்கூடாது சார்.

— அவரு எங்க மாமா மேடம், அக்கா வீட்டுக்காரர். ஜுரம்னு விமானம் மாறின இடத்துலயே இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்னையும் அக்காவையும் அடுத்த விமானத்துல ஏத்தி விட்டாங்க. அன்னையிலேருந்து அவர் போன் எடுக்கல. அங்க கேட்டா இங்க கேளுங்கறான், இங்க கேட்டா அங்க கேளுங்கறான்.

— நோயாளி பேரெல்லாம் எனக்கு வராது. சீட் நம்பர்தான். இன்னும் நாப்பது பேருக்குப் போன் போடணும், விடுங்க.

— அப்ப ஒரு பண்டமாற்று. உங்க பட்டியல்ல ஒரு தப்பு இருக்கு. அதை நான் சொல்றேன், நீங்க மாமாவைப் பத்திச் சொல்லுங்க.

— மிரட்டுறீங்களா?

— வியாபாரம்.

— முதல்ல நீங்க.

— அந்த நடு சீட்ல நான் உட்காரவே இல்ல. புருஷன் பக்கத்துல இருக்கட்டும்னு அக்காவுக்கு விட்டுட்டு, அவ சீட்டுக்கு, கடைசி வரிசைக்குப் போயிட்டேன்.

— அக்கா எங்க இப்ப?

— உள்ள. ரெண்டு நாளா இருமல். உங்க முறை மேடம்.

— இருங்க. ஓரத்துல ‘நிலை’ன்னு ஒரு கட்டம் இருக்கு. ...இறப்புன்னு போட்டிருக்கு சார். அஞ்சு நாள் முன்னாடி.

— ம்.

— தகவல் சொல்ல உறவு யாருமில்லன்னு, அவங்களே அடக்கம் பண்ணிட்டாங்க.

— ம்.

— சார்?

— கேக்குது.

— அக்காவை உடனே பரிசோதிக்கணும், வண்டி அனுப்புறேன். போனை அவங்ககிட்ட குடுங்க. நானே பக்குவமா சொல்லிடுறேன்.

— குடுக்குறேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்குங்க. தினமும் காலையில மாமா எனக்குப் போன் பண்றாருன்னு அவகிட்ட சொல்லிட்டிருக்கேன். இன்னைக்கு, இருமலுக்கு வெந்நீர் குடிக்கச் சொன்னாருன்னு சொன்னேன். அதைத்தான் குடிச்சிட்டிருக்கா.