காற்றுக் குடித்த லாரி

"வண்டி காத்தக் குடிச்சிருக்கு மக்கா."

மார்கழிக் காலையில் மயிலாடியில் பஸ்ஸுக்கு நின்றபோது கேட்டது. கல்தூண் ஏற்றிய டீசல் லாரி கிளம்பாமல் நின்றது. சொன்னவர் டிரைவர், கேட்டவர் தூணைச் செதுக்கிய சிற்பி.

"குளிருதாம் காரணம். தள்ளுவோமா? எட்டு மணிக்குக் கோயில்ல தூணு நாட்டணும்லா?"

"பத்து நாளா தள்ளியாச்சு. குளிருன்னா எல்லா வண்டியுமில்லா நிக்கணும்? ராத்திரி டீசல் குழாய்க்குள்ள காத்து ஏறி அடைச்சிருது. இன்னைக்குக் கண்டுபிடிக்காம விடமாட்டேன். நீ இஞ்சின்ல இருக்க டீசல் கைப்பம்ப அடி."

சிற்பி பம்ப் அடிக்க, டிரைவர் டீசல் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் சோப்புநுரை தடவினார். நாலாவது மூட்டில் குமிழி கிளம்பியது.

"பாத்தியா? வாஷர் கீறிருக்கு."

வாஷரை மாற்றி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். முதல் முயற்சியிலேயே இஞ்சின் உறுமியது. சிற்பி கும்பிட்டார்.

"ஏறு மக்கா, கோயில்ல போயிக் கும்பிடலாம்."